அனுமதியை யாரிடம் கேட்பது? பாரதி பாடல் உரிமை குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

1948ஆம் ஆண்டு வெளியான டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' திரைப்படத்தில் பாரதியாரின் 'தூண்டிற் புழுவினைப்போல்' என்ற பாடல் இடம்பெற்றது. கவிஞர் மறைந்து அப்போது 27 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய மனைவி செல்லம்மாவும் மகள்கள் தங்கம்மாளும் சகுந்தலாவும் உயிரோடு இருந்தார்கள். ஆனால், அந்தப் பாடலைப் படத்தில் சேர்த்தது உரிமை மீறல் என்று சட்ட நடவடிக்கையில் இறங்கியவர்கள் இவர்களில் எவரும் அல்லர். பாரதி பாடல்களின் ஒலிப்பதிவு உரிமையை விலைகொடுத்து வாங்கியிருந்த, ஏவி.எம். படநிறுவனத்தின் ஏவி. மெய்யப்பச் செட்டியாரின் தரப்பே அதைச் செய்தது.

மறைந்த எழுத்தாளரின் படைப்பை இசைத்தட்டாகவோ நாடகமாகவோ திரைப்படமாகவோ மாற்றுவதற்கு இசைவு தரும் அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு, தமிழில் இதைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது கடினம். மனைவி மக்கள், பதிப்பித்த உறவினர், விலைக்கு வாங்கிய வணிகர், மேடையேற்றிய கலைஞர், முதலில் தடைவிதித்துப் பின்னர் உரிமையை வாங்கிய அரசு, இவர்கள் எல்லோரையும் பற்றிக் கவலைப்படாமல் பாடிக்கொண்டிருந்த மக்கள் என்று, இந்தக் கேள்வியில் பங்குள்ள எல்லாத் தரப்பும் இந்த ஒரே நிகழ்வில் இடம்பெறுகின்றன. 1949இல் கிடைத்த தீர்வு பொதுவாக ஒரு வெற்றிக் கதையாகச் சொல்லப்படுகிறது. வெற்றி என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால், அது எதன் வெற்றி என்பதைச் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும். வருமானம் பெறும் உரிமையும், 'இதைச் செய்யாதே' என்று தடுக்கும் உரிமையும் வெவ்வேறானவை. அவற்றை ஒன்றாகக் கட்டி ஒரே பத்திரத்தில் விற்க முடிந்ததுதான் இந்தச் சிக்கலின் வேர் என்பது இந்த ஆய்வின் நிலைப்பாடு.

உரிமை கைமாறிய வழி

பாரதியார் 1921 செப்டம்பரில், 39 வயது நிறையும் முன்பே மறைந்தார். அதற்கு முந்தைய ஆண்டில் தம் நூல்களை 40 தொகுதிகளாக, ஒவ்வொன்றிலும் பல்லாயிரம் பிரதிகள் அச்சிட்டு நாடெங்கும் பரப்ப வேண்டும் என்று ஒரு திட்டம் வகுத்து, கடனாகப் பண உதவி கேட்டு நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தார். தம் புத்தகங்கள் மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும் போலச் சாதாரணமாக வீடுதோறும் விலைபோகும் என்று அவர் அதில் நம்பிக்கையோடு எழுதினார். திட்டம் நிறைவேறவில்லை. பிற்காலத்து வாதங்களில் கவிஞரின் விருப்பம் என்னவாக இருந்திருக்கும் என்று பலரும் ஊகித்தார்கள். ஊகத்துக்கு அவசியமே இல்லாத அளவுக்கு அவர் அதை எழுதியே வைத்திருந்தார். தம் எழுத்தால் வருமானமும் வர வேண்டும், அது எல்லோர் கைக்கும் போய்ச் சேரவும் வேண்டும் என்ற இரண்டையும் அவர் ஒருசேர விரும்பினார். இரண்டுக்கும் இடையே முரண் இருப்பதாக அவர் கருதவில்லை.

அவர் மறைந்த பின் செல்லம்மா 'பாரதி ஆச்ரமம்' என்ற பெயரில் 1922இல் பாடல்களைப் பதிப்பித்தார். கைம்பெண் ஒருவர் அந்தக் காலத்தில் பதிப்புத் தொழிலில் நிலைப்பது எளிதன்று. விரைவிலேயே அந்தப் பணி, பாரதியின் மாற்றாந்தாய் மகனான தம்பி சி. விசுவநாத ஐயர், ஹரிஹர சர்மா, மருமகன் நடராஜன் ஆகியோர் சேர்ந்து நடத்திய 'பாரதி பிரசுராலய'த்துக்கு வந்தது. நாளடைவில் உரிமை விசுவநாத ஐயர் ஒருவரிடமே குவிந்தது. இதற்கிடையில், 1928இல் பர்மா அரசு 'சுதேச கீதங்க'ளைத் தடைசெய்ததையொட்டிச் சென்னையிலும் காவல்துறை பிரதிகளைப் பறிமுதல் செய்தது. சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி இதைக் கண்டித்து முழங்கினார். புத்தகத்தைப் பறிமுதல் செய்த காலத்திலும் பாட்டைப் பறிமுதல் செய்ய முடியவில்லை. காங்கிரஸ் ஊர்வலங்களிலும் நாடக மேடைகளிலும் அது ஒலித்துக்கொண்டுதான் இருந்தது, டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகங்களும் அந்த மேடைகளில் அடக்கம்.

1930களில் நடந்த ஒரு விற்பனைதான் பின்னாளைய வழக்குக்கு அடிப்படை. அச்சிடும் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, இசைத்தட்டு, ஒலிபரப்பு ஆகியவற்றுக்கான உரிமையை மட்டும் தனியாகப் பிரித்து, சென்னையில் சூரஜ்மல் நிறுவனத்தைச் சேர்ந்த ஜேசிங்லால் மேத்தாவுக்கு விசுவநாத ஐயர் விற்றார். தமிழில் பேசும் படம் என்பது 1931இல்தான் தொடங்கியிருந்தது. வானொலி பரவலாகவில்லை. அந்தச் சமயத்தில் இந்த உரிமைக்கு என்ன மதிப்பு என்று விற்றவருக்கும் சரி, வாங்கியவருக்கும் சரி, தெரிந்திருக்க வாய்ப்பில்லை. விசுவநாத ஐயரை இதற்காகக் குறைசொல்வது நியாயமாகாது. பாரதியின் எழுத்துகளைத் தேடித் தொகுத்துத் தொடர்ந்து அச்சில் வைத்திருந்தவர் அவர்தான். எதிர்காலம் தெரியாத ஒரு பொருளை எக்காலத்துக்கும் விற்றுவிட அன்றைய சட்டம் அனுமதித்தது என்பதே கவனிக்க வேண்டியது.

1940களில் மேத்தாவிடமிருந்து அந்த உரிமையை மெய்யப்பச் செட்டியார் வாங்கினார். 1947 ஜனவரியில், நாடு விடுதலை பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பே, அவருடைய 'நாம் இருவர்' வெளிவந்தது. டி.கே. பட்டம்மாள் பாட, குமாரி கமலா ஆட, 'ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே' பாடலும் 'வெற்றி எட்டுத்திக்கும்' பாடலும் திரையரங்குகளை நிறைத்தன. அடுத்த ஆண்டு வந்த அவருடைய 'வேதாள உலக'த்திலும் பாரதி பாடல்கள் இருந்தன. பாட்டைக் கேட்பதற்காகவே படத்துக்குப் போனவர்கள் உண்டு. இதுவரை மேடையிலும் ஊர்வலத்திலும் யாரும் கேட்காமல் எடுத்துப் பாடிய ஒன்று, இப்போது பெரும் வருமானம் தரும் சரக்காகிவிட்டது. உரிமை என்ற சொல் கூர்மை பெற்றது அப்போதுதான்.

1948–49: கோரிக்கையும் தீர்வும்

'பில்ஹணன்' மீதான நடவடிக்கை டி.கே.எஸ். சகோதரர்களில் ஒருவரான டி.கே. சண்முகத்துக்குத் தனிப்பட்ட அதிர்ச்சியாக இருந்திருக்கும். ஏவி.எம். பாரதி பாட்டைத் திரைக்குக் கொண்டுவருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அதை மேடையேற்றி வந்த குழு அவருடையது. அவர் பணிந்துபோகவில்லை. அதே சமயத்தில் எழுத்தாளர்களிடையேயும் கோரிக்கை வலுத்தது. பாரதியின் எழுத்து தனியார் ஒருவரின் உடைமையாக இருக்கக் கூடாது, அரசு அதை எடுத்து நாட்டுக்கு உரியதாக்க வேண்டும் என்று வ.ரா., ப. ஜீவானந்தம் முதலானோர் வற்புறுத்தினர். நாரண துரைக்கண்ணன், சண்முகம், திருலோக சீதாராம், வல்லிக்கண்ணன் உள்ளிட்ட குழு திருநெல்வேலிக்குச் சென்று செல்லம்மாவைச் சந்தித்து, அவருடைய இசைவைப் பெற்றுவந்தது.

இந்தப் பயணம் எனக்கு இந்த வழக்கின் மையமாகவே படுகிறது. சட்டப்படி பார்த்தால் செல்லம்மாவின் கையொப்பத்துக்குப் பெரிய மதிப்பில்லை. அச்சுரிமை கொழுந்தனாரிடம் இருந்தது. ஒலியுரிமை படநிறுவனத்திடம் இருந்தது. ஆனால், முதலமைச்சர் ஓமந்தூர் பி. ராமசாமி ரெட்டியாரிடம் கோரிக்கையைக் கொண்டுசென்றவர்களுக்கும், அவருக்கும், செல்லம்மா சம்மதிக்காமல் இதைச் செய்யக் கூடாது என்று தோன்றியது. பத்திரத்தில் பெயர் உள்ளவர் ஒருவர், கேட்டாக வேண்டியவர் இன்னொருவர் என்ற நிலைமையை அனைவரும் உணர்ந்திருந்தார்கள். படைப்பாளி மறைந்த பின் 'அனுமதி' என்பது இப்படி இரண்டாகப் பிளந்துபோகிறது. சட்டத்தின் கண்ணுக்கு முதலாமவரே தெரிகிறார்.

1949 மார்ச்சில் கல்வியமைச்சர் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார், பாரதியின் படைப்புரிமையை அரசு பெற்றுக்கொள்ளும் செய்தியைச் சட்டமன்றத்தில் அறிவித்தார். விசுவநாத ஐயருக்கும் செல்லம்மாவுக்கும் மகள்களுக்கும் தொகை வழங்கப்பட்டது. மெய்யப்பச் செட்டியார் தம்மிடமிருந்த உரிமையைப் பணம் எதுவும் பெறாமல் விட்டுக்கொடுத்தார். காசு கொடுத்து முறைப்படி வாங்கிய ஒன்றை அவர் விட்டுக்கொடுத்தார் என்பதை, அவரை வில்லனாகச் சித்திரிக்கும் சொற்பொழிவுகள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. அறிவிப்பு வெளியான சில வாரங்களில் ஓமந்தூரார் பதவியில் இல்லை. இன்னும் சிறிது தாமதமாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்வதற்கில்லை. அரசு அந்த உரிமையைத் தன் பெட்டியில் பூட்டி வைத்துக்கொள்ளாமல், அடுத்த சில ஆண்டுகளில் யார் வேண்டுமானாலும் பதிப்பிக்கலாம், பாடலாம், படமாக்கலாம் என்று திறந்துவிட்டது.

குடும்பம், வணிகர், நிறுவனம், அரசு

அனுமதி தரும் அதிகாரம் குடும்பத்திடமே இருக்க வேண்டும் என்போரின் வாதம் எளிதில் தள்ளக்கூடியதன்று. வறுமையை எழுத்தாளரோடு பகிர்ந்துகொண்டவர்கள் அவர்கள். அவர் வாழ்ந்த காலத்தில் வராத பணம் பின்னால் வரும்போது அதில் முதல் பங்கு அவர்களுடையது. இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. ஆனால், 'குடும்பம்' என்று ஒருமையில் சொல்வதுதான் பிழைக்குத் தொடக்கம். பாரதி வழக்கில் மனைவி, மகள்கள், தம்பி, மருமகன் என்று பலர் இருந்தார்கள். அவர்களுடைய நலன்கள் எப்போதும் ஒன்றாக இருக்கவில்லை. ஒரு தலைமுறை கடந்தால் எண்ணிக்கை இன்னும் பெருகும். இன்று ஒரு நாவலைப் படமாக்க விரும்பும் இளம் இயக்குநர், மறைந்த எழுத்தாளரின் மகன் ஒருவரிடம் ஒப்பந்தம் போட்டுவிட்டு, படப்பிடிப்புக்குக் கிளம்பும் சமயத்தில் மகள் வழிப் பேரனிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வாங்குவது நடக்கக்கூடியதுதான். இரத்த உறவு பணத்துக்கு வாரிசாகும். படைப்பின் நயத்தை அறியும் திறனும் அதோடு சேர்ந்தே வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

வணிகரின் கை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாரதி பாட்டைத் திரையில் மக்கள் முன் வைத்த திறமை ஏவி.எம். நிறுவனத்துடையது. அதே உரிமை மற்றவர்களைத் தடுக்கவும் பயன்பட்டது. ஒரு பாட்டை ஒருவர் நன்றாகப் படமாக்கிவிட்டார் என்பதற்காக அடுத்தவர் அதைத் தொடக் கூடாது என்பதில் படைப்பாளிக்கோ மக்களுக்கோ எந்த நன்மையும் இல்லை.

வணிகரைவிடச் சிக்கலானது, நல்ல நோக்கமுள்ள நிறுவனத்தின் கை. இதற்கு வங்காளத்தைப் பார்க்க வேண்டும். இரவீந்திரநாத் தாகூர் 1941இல் மறைந்தார். உரிமை அவரே நிறுவிய விசுவபாரதி பல்கலைக்கழகத்திடம் இருந்தது. அவருடைய பாடல்களைப் பதிவுசெய்ய விரும்பும் பாடகர் விசுவபாரதியின் இசைக் குழுவிடம் ஒப்புதல் பெற வேண்டும். சுரம் பிசகக் கூடாது, சொல் மாறக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடு அது. அதன் பலனாகப் பாடல்களின் மூலவடிவம் கவனத்தோடு காக்கப்பட்டது என்பதை மறுக்க முடியாது. ஆனால், மக்கள் மிகவும் விரும்பிக் கேட்ட பாடகர்களில் ஒருவரான தேபப்ரத பிசுவாசின் பதிவுகளுக்கு, பாடும் முறையும் வாத்திய இசையும் சரியில்லை என்று அந்தக் குழு ஒப்புதல் மறுத்தது. மனம் கசந்த அவர் 1970களின் தொடக்கத்தில் ரவீந்திர சங்கீதம் பதிவுசெய்வதையே நிறுத்திக்கொண்டார். அவர் 1980இல் காலமானார். பாடப்படாமல் போன அந்த ஆண்டுகளை எந்த நீதிமன்றமும் திருப்பித் தர முடியாது. இன்று வங்காளிகள் அவருடைய பழைய பதிவுகளைப் போற்றிக் கேட்கிறார்கள். ஒப்புதல் மறுத்தவர்களின் பெயரை நினைவில் வைத்திருப்பவர் மிகச் சிலர்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. அன்றைய சட்டப்படி படைப்பாளி இறந்து 50 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். தாகூருக்கு அது 1991 முடிவில் காலாவதியாக வேண்டும். அந்தத் தறுவாயில் இந்திய அரசு கால அளவை 60 ஆண்டுகளாக நீட்டியது. ஒரு கவிஞரை முன்னிட்டு நாட்டின் எல்லா எழுத்தாளர்களுக்கும் பத்து ஆண்டு கூடுதல் பூட்டு விழுந்தது. தாகூரின் உரிமை 2001 முடிவில்தான் தீர்ந்தது. இந்தக் கணக்கைப் பாரதிக்குப் போட்டுப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். 50 ஆண்டுக் கணக்கில் பாரதியின் உரிமை 1971 முடிவு வரை இருந்திருக்க வேண்டும். 1949இல் நடந்த தலையீடு அதை ஏறக்குறைய 22 ஆண்டுகள் முன்கூட்டியே திறந்துவிட்டது.

அரசின் கையைப் பற்றி எனக்கு அச்சம் குறைவன்று. 1928இல் பறிமுதல் செய்ததும் ஓர் அரசுதான், 1949இல் வாங்கியதும் ஓர் அரசுதான்; முன்னது அந்நியருடையது, பின்னது நம்முடையது என்று சொல்லி ஆறுதல் அடைவது போதாது. எந்தப் பாட்டை எந்தப் படத்தில் யார் பாடலாம் என்று கோட்டையில் ஒரு குழு உட்கார்ந்து முடிவுசெய்திருந்தால், விசுவபாரதியின் கட்டுப்பாட்டைவிட அது மோசமாகவே முடிந்திருக்கும். ஆடுவோமே என்று தொடங்கும் பாடலையே எடுத்துக்கொள்வோம். 'பார்ப்பானை ஐயரென்ற காலமும் போச்சே' என்ற அடியும் அதில்தான் இருக்கிறது. அந்த அடியைப் பாட வேண்டும் என்று ஒரு காலத்து அமைச்சரும், விட்டுவிட வேண்டும் என்று இன்னொரு காலத்து அமைச்சரும் ஆணையிடுவதைக் கற்பனை செய்ய அதிக முயற்சி தேவையில்லை. 1949இன் சிறப்பு அரசு வாங்கியதில் இல்லை. வாங்கிய பின் எல்லோருக்கும் திறந்துவிட்டதில் இருக்கிறது.

திறந்துவிட்ட பின்

அந்த 22 ஆண்டுகளுக்குள் என்னென்ன நடந்தன என்று பார்த்தால் தீர்வின் பலனை அளக்கலாம். 1951இல் 'மணமகள்' படத்தில் 'சின்னஞ்சிறு கிளியே கண்ணம்மா' இடம்பெற்றது. அந்த மெட்டுத்தான் அந்தப் பாட்டு என்று நினைக்கும் அளவுக்கு அது இன்றும் கச்சேரி மேடைகளில் நிலைத்திருக்கிறது. 1961இல் 'கப்பலோட்டிய தமிழன்' படத்துக்காக ஜி. ராமநாதன் 'காற்று வெளியிடைக் கண்ணம்மா' பாடலுக்கும் வேறு பல பாரதி பாடல்களுக்கும் இசையமைத்தார். பிறகு 1982இல் 'ஏழாவது மனிதன்' படத்தில் எல். வைத்தியநாதன் முற்றிலும் வேறொரு நடையில் பாரதியைத் தந்தார். 2000இல் வந்த 'பாரதி'யில் இளையராஜா இன்னொரு விதமாகத் தந்தார். இவர்களில் யாரும் யாரிடமும் போய் நிற்க வேண்டியிருக்கவில்லை. இவற்றில் எது பாரதியின் உள்ளத்துக்கு நெருக்கமானது என்று தீர்ப்புச் சொல்ல ஒரு குழு இருந்திருந்தால், இந்த நான்கில் ஒன்றோ இரண்டோதான் நமக்குக் கிடைத்திருக்கும்.

இழப்பும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்றானதும், பிழைமலிந்த மலிவுப் பதிப்புகள் பெருகின. சீர் கெட்டு, வரி மாறி, ஒரு பதிப்பின் பிழை அடுத்ததில் ஏறி அச்சாயிற்று. பாரதி ஆய்வாளர் சீனி. விசுவநாதன் போன்றோர் வாழ்நாளெல்லாம் உழைத்துக் காலவரிசைப் பதிப்பு கொண்டுவர வேண்டியிருந்தது. தழுவலுக்கு விடுதலை தருவதும் மூலபாடத்தைப் பேணுவதும் ஒன்றையொன்று எதிர்ப்பவை அல்ல. பின்னது உறுதியாக இருந்தால்தான் முன்னதை அச்சமின்றி அனுமதிக்கலாம். நூலகத்தில் திருத்தமான பதிப்பு இருக்கும்வரை, ஒரு திரைப்படம் எவ்வளவு விலகிப்போனாலும் மூலத்துக்கு ஊறு இல்லை.

பாரதிக்கு நடந்தது பிற்பாடு தமிழ்நாட்டில் ஒரு வழக்கமாகவே ஆனது. எழுத்தாளர்களின் வாரிசுகளுக்குத் தொகை வழங்கி நூல்களை நாட்டுடைமை ஆக்கும் திட்டத்தின்கீழ் நூற்றுக்கும் மேற்பட்டோரின் படைப்புகள் பொதுவுக்கு வந்துவிட்டன. 1954இல் மறைந்த கல்கியின் நூல்கள் 1999இல் அவ்வாறு ஆயின. 'பொன்னியின் செல்வ'னைப் படமாக்க 1950களின் இறுதியிலேயே எம்.ஜி.ஆர். உரிமை பெற்றிருந்தும் படம் வரவில்லை. நாட்டுடைமையான அதே 1999இல் 'மேஜிக் லேண்டர்ன்' குழு அதை நாடகமாகச் சென்னையில் மேடையேற்றியது. நாடகமாக்கிய இளங்கோ குமரவேல், 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த மணிரத்னத்தின் இரு படங்களிலும் திரைக்கதையில் பங்கேற்றார். படத்தில் இந்தப் பாத்திரம் இப்படி ஆகியிருக்கக் கூடாது என்று வாசகர்கள் தெருத்தெருவாக வாதிட்டார்கள். அந்த வாதத்தில் நாவலை மீண்டும் படித்தவர்களும் முதல்முறை வாங்கியவர்களும் ஏராளம். தழுவலுக்குக் கிடைக்க வேண்டிய தண்டனையும் பாராட்டும் இப்படி வாசகரிடமிருந்து வருவதே முறை.

ஆயினும், நாட்டுடைமை எல்லாவற்றுக்கும் மருந்தாகிவிடாது. அரசு தரும் தொகை ஒரே தவணையில் முடிந்துவிடுகிறது. பின்னாளில் அந்த நாவலை வைத்துப் பெரும் பொருட்செலவில் படம் எடுத்து யாரோ பெரும் இலாபம் பார்த்தாலும் குடும்பத்துக்கு ஒரு காசும் சட்டப்படி சேராது. இதை முன்னுணர்ந்து, அறிவிக்கப்பட்ட பின்பும் வேண்டாம் என்று மறுத்த வாரிசுகள் உண்டு. அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஏசுவது தவறு. தொடர்ந்து நூல் விற்கும் எழுத்தாளரின் வாரிசுக்கு அது நட்டக் கணக்குத்தான்.

இன்றைய சட்டத்தில் இதே வழக்கு

'பில்ஹணன்' வழக்கு இன்று நடந்தால் எப்படிப் போகும் என்று பார்ப்பது பயனுள்ளது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் செய்யப்பட்ட திருத்தம், ஒப்பந்தம் போடும் காலத்தில் இல்லாத, அல்லது வணிகப் பயன்பாட்டுக்கு வராத ஊடகத்துக்கான உரிமை, தனியே குறிப்பிடப்படாத வரையில், அந்த ஒப்பந்தத்தின் மூலம் கைமாறாது என்கிறது. இசைத்தட்டை மனத்தில் வைத்து விற்ற ஒன்று நாளைக்கு முளைக்கும் இன்னொன்றுக்கும் செல்லும் என்று வாதிடுவது இனி அவ்வளவு எளிதன்று. வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறு சொல்லாதபோது, அது காலாவதியாகும் என்ற விதியும் இருக்கிறது. வெளிவந்த பாட்டை மற்றவர் மீண்டும் பதிவுசெய்யவும், வானொலியில் ஒலிபரப்பவும், உரிமையாளர் மறுத்தாலும் உரிய கட்டணம் செலுத்திச் செய்துகொள்ளும் சட்டபூர்வ உரிமத்துக்கும் அதே திருத்தம் வழி செய்தது. அதாவது, பாட்டைப் பொறுத்தவரை 'பணம் கொடு, பயன்படுத்து' என்ற முறையைச் சட்டம் ஓரளவு ஏற்றுக்கொண்டுவிட்டது. நாவலையும் சிறுகதையையும் நாடகமாகவோ படமாகவோ ஆக்குவதற்கு அது இன்னும் நீளவில்லை. எழுத்தாளர் உயிரோடிருக்கும்வரை நீளவும் கூடாது. அவர் மறுத்தால் மறுத்ததுதான். அவர் மறைந்து ஒரு தலைமுறைக் காலம், 25 ஆண்டு என்று வைத்துக்கொள்ளலாம், ஆன பிறகாவது, தடுக்கும் உரிமை ஒழிந்து, வருமானத்தில் பங்கு பெறும் உரிமை மட்டும் எஞ்சிய காலத்துக்குக் குடும்பத்திடம் நிற்க வேண்டும் என்று கருதுகிறேன். 1948இல் பாரதி மறைந்து 27 ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்த முறை அன்று இருந்திருந்தால் சண்முகம் பாடலைப் பயன்படுத்தியிருப்பார், செல்லம்மாவுக்குப் பணம் போயிருக்கும், அரசு குறுக்கிட வேண்டியே வந்திராது.

பணம் சாராத இன்னொரு உரிமையும் சட்டத்தில் உண்டு. 57ஆம் பிரிவு, படைப்பைச் சிதைத்துப் படைப்பாளியின் நற்பெயருக்குக் களங்கம் உண்டாக்கினால் எதிர்க்கும் உரிமையைத் தருகிறது. அவருக்குப் பின் அவருடைய சட்டப் பிரதிநிதிகள் அதைச் செலுத்தலாம். பதிப்புரிமைக் காலத்துக்குள் நடந்த சிதைவுக்கு மட்டும் என்றிருந்த வரம்பையும் 2012இல் எடுத்துவிட்டார்கள். நல்லெண்ணத்தில் செய்த இந்த மாற்றம் எனக்குக் கவலை தருகிறது. நாட்டுடைமையான படைப்பின்மீதும், பல தலைமுறை கடந்த ஒரு வழித்தோன்றல், பெரியவருடைய பெயருக்கு இழுக்கு என்று வழக்குத் தொடுக்க இது கதவைத் திறந்துவைக்கிறது.

பிரான்சில் இத்தகைய உரிமைக்குக் கால வரம்பே கிடையாது. அங்கே என்ன ஆனது என்பதைப் பார்க்கலாம். 1885இல் மறைந்த விக்தோர் ஹ்யூகோவின் 'லே மிசராப்லே' நாவலுக்கு 2001இல் ஒருவர் தொடர்ச்சி எழுதி வெளியிட, ஹ்யூகோவின் வழித்தோன்றல் ஒருவர் நீதிமன்றம் சென்றார். மேல்முறையீட்டு மன்றம் அவர் பக்கம் சாய்ந்தது. ஆனால், 2007இல் நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றம், உரிமைக் காலம் முடிந்த படைப்புக்குத் தொடர்ச்சி எழுதுவதை, எழுதும் சுதந்திரத்தின் பொருட்டு, வெறுமனே தடுத்துவிட முடியாது என்று தீர்த்தது. படைப்பாளியின் தனியுரிமையைப் பெரிதும் போற்றும் நாடே இந்த எல்லையை வகுத்திருக்கும்போது, நம் 57ஆம் பிரிவையும் அவ்வாறு குறுக்கிப் படிப்பதுதான் பொருத்தம். மறைந்தவர் எழுதாததை அவர் பெயரில் போடுவதையும், தழுவலை மூலம் என்று சொல்லி விற்பதையும் தடுக்க அது போதும். இரசனை வேறுபாட்டைத் தீர்க்க அதைப் பயன்படுத்தக் கூடாது.

எழுத்தாளர் தாமே வாழும்போது தெளிவாக மறுத்திருந்தால் என்ன செய்வது என்ற கேள்வி எஞ்சுகிறது. சாமுவேல் பெக்கெட் தம் நாடகத்தில் பெண்கள் நடிப்பதை எதிர்த்து 1988இல் நெதர்லாந்தில் வழக்காடித் தோற்றார். அவர் அடுத்த ஆண்டு மறைந்தார். அவருடைய வாரிசுத் தரப்பு பல நாடுகளில் அதே மறுப்பைத் தொடர்ந்தது. அவருடைய சொல்லுக்கு மதிப்பளிக்க வேண்டும் என்று நானும் கருதுகிறேன், ஆனால் மேற்சொன்ன 25 ஆண்டு எல்லைக்குள் மட்டும். அச்சில் வெளியிட்டு மக்களிடம் ஒப்படைத்த ஒன்றை என்றென்றைக்கும் ஒரே விதமாக நடிக்கச் சொல்லும் அதிகாரம், உயிரோடு இருப்பவருக்கே பெரிய அதிகாரம். வெளியிடாமல் வைத்த கடிதமும் நாட்குறிப்பும் வேறு. அவற்றில் குடும்பத்தின் மறுப்பே இறுதியாக இருக்கட்டும்.

வாழும் எழுத்தாளர்கள் இந்த வழக்கிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது உயில் எழுதும்போதும் ஒப்பந்தம் போடும்போதும் பயன்படும். வருமானம் யாருக்கு என்பதையும், மூலபாடத்தைப் பேணும் பொறுப்பு யாருக்கு என்பதையும் உயிலில் வெவ்வேறு பத்திகளில், தேவையானால் வெவ்வேறு பெயர்களில் எழுதலாம். படமாக்கும் உரிமையை விற்கும்போது எந்த ஊடகம், எத்தனை ஆண்டு, எந்தத் தேதிக்குள் படப்பிடிப்பு தொடங்க வேண்டும் என்று குறிப்பிடலாம். ஒப்பந்தத்தில் கால அளவே எழுதப்படவில்லை என்றால் சட்டம் அதை ஐந்து ஆண்டு என்று எடுத்துக்கொள்கிறது. படநிறுவனங்கள் தயாரித்து நீட்டும் அச்சடித்த படிவங்களில் 'உலகெங்கும், எல்லா வடிவங்களிலும், நிரந்தரமாக' என்ற வரி ஏற்கெனவே இருக்கும். அதில் கடைசிச் சொல்லை அடித்துவிட்டு ஓர் எண்ணை எழுதினால், எழுத்தாளருக்குப் பின் அவர் வீட்டார் எந்தக் குழுவையும் எதிர்பார்க்க வேண்டியிராது.